நீலம் சரியில்லைங்க

வாட்டர் கலர் விற்கும் கடையில் கலரைவிட வேகமாகத் தீர்ந்துபோவது விற்பவனின் பொறுமை. கவுண்ட்டருக்குப் பின்னால் நின்று கால் வீங்கியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கோவையில் என் கடை வாசல் மேற்குப் பார்த்தது. ஆள் வராத சாயங்காலங்களில் வெயில் கலர் ட்யூப்கள் மேல் விழும். நான் எந்த ஊரில் இருக்கிறேன் என்பதே மறந்துபோகும். யாராவது வந்து எழுப்ப வேண்டும்.

வெள்ளை எங்கே?

அப்படி எழுப்பியவர் கொடுமுடியிலிருந்து வந்த ஓர் அம்மா. காவிரியை வரையப் போகிறாராம். தண்ணீர் பட்டாலும் சுருங்காத கெட்டித்தாள் எடுத்துக் கொடுத்தேன். வெள்ளைக் கலர் கேட்டார். வாட்டர் கலரில் வெள்ளை வேண்டிய இடத்தில் தாளை அப்படியே விட்டுவிடுவார்கள் என்றேன். அவர் கண்ணை மூடி யோசித்தார். மூடிய கண்ணுக்குள் ஆறு தெரிந்தது என்றே நினைக்கிறேன்.

"அப்போ ஆத்துல வெயிலு மின்னுற எடத்த நான் வரையவே வேண்டாமுங்களா? சும்மா விட்டுப்போட்டாப் போதுமுங்களா?"

நீலப் பஞ்சாயத்து

போத்தனூர்க்காரர் ஒருவர். ரயில் இன்ஜின் ஓட்டி ஓய்வு பெற்றவர். மொட்டை மாடியிலிருந்து தெரியும் மேற்கு மலையை வரைவதுதான் வேலை. எந்த நீலத்தைக் கொடுத்தாலும் திரும்பி வந்துவிடும். அவர் கண்ணெதிரே புது ட்யூப் பிரித்துத் தாளில் தீட்டிக் காட்டினேன். எனக்கு அது மழை விட்ட காலை வானம். அவர் முகம் சுளித்தார். எனக்கு எரிச்சலாக வந்தது.

"ஏனுங்க தம்பி, நீலம்னு சொல்லிப்போட்டு சாம்பலக் கரைச்சு அடைச்சிருக்கீங்களா?"

சிக்னல் பார்த்த கண்

அடுத்த முறை மனைவியோடு வந்தார், வரைந்த படத்தையும் கொண்டுவந்தார். மலை மேல் நீலத்தை அப்பி அப்பி மலையே மைக்கூட்டுக்குள் விழுந்ததுபோல் இருந்தது. "இன்னும் நீலம் பத்தலீங்க" என்றார். எனக்குச் சுருக்கென்றது. கண்ணைக் காட்டினீர்களா என்று மெல்லக் கேட்டேன். அவர் பிரஷ் அலமாரிப் பக்கம் போய்விட்டார். அவர் மனைவி குரலைத் தாழ்த்தினார்.

"சிக்னல் பார்த்து வண்டி ஓட்டுன கண்ணுன்னு சண்டைக்கு வாராருங்க. டாக்டர் ஏதாச்சும் சொல்லிப்போடுவாரோன்னு பயமுங்க, வேறொண்ணுமில்ல."

ஆடிக் காற்றில்

பிறகு வெகுநாள் ஆளைக் காணோம். எனக்கே மனசு கேட்கவில்லை. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கடைக்குள் புகுந்து தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்த ஒரு நாள், கறுப்புக் கண்ணாடியோடு வந்து நின்றார். கண்புரை ஆபரேஷனாம், அந்தப் புரைதான் நீலத்தை மங்கலாக்கியதாம். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, முன்பு அவரே திட்டிய ட்யூப்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். உதடு துடித்தது. நல்ல நீலமாக எடுத்துக் கவுண்ட்டர் மேலே வைத்தேன். அவர் மெதுவாக என் பக்கம் தள்ளிவிட்டார்.

"வேண்டாமுங்க தம்பி. மலை அப்படியே தெரியுதுங்க. பார்த்துட்டே உக்காந்திருக்கேன், வரையறதுக்கு எங்கீங்க நேரம்?"

நல்ல வாடிக்கையாளர் ஒருவரைக் கண் டாக்டரிடம் அனுப்பித் தொலைத்துவிட்டு, அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டே வியாபாரம் பார்த்த கடைக்காரன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.