மலர் கீறிய சிசிலி

கோலியர்ஸ் வுட்டில் குகதாசனைத் தெரியாத தமிழ்ச் சனம் குறைவு. பஸ் ஓட்டுகிறவர் என்று பாதிப் பேருக்குத் தெரியும். படம் கீறுகிறவர் என்று மிச்சப் பேருக்குத் தெரியும். அவரிடமே கேட்டால் படத்தைத்தான் முதலில் சொல்லுவார்.

படம் என்றால் சிசிலிப் படம். தொண்ணூற்றோராம் ஆண்டு லண்டனுக்கென்று வெளிக்கிட்டவரை ஏஜென்சிக்காரன் இத்தாலியில் இறக்கிவிட்டுக் காணாமல் போனான். சிசிலித் தீவில், பலேர்மோ நகரில், நாலு வருசம் நின்றார். ஒரு பல் வைத்தியர் வீட்டில் தரை துடைத்தார், சட்டைகளுக்கு அயர்ன் பிடித்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் சந்தையில் பழைய புத்தகங்களை நிறுத்து விற்பார்கள். அவற்றை வாங்கி வாசித்துத்தான் இத்தாலியன் பிடித்தார். இடையர் பாட்டுகள், கடலோடிகளின் கதைகள், காய்ந்த மலைகளைப் பற்றிய கவிதைகள் என்று எல்லாம் மண்டைக்குள் இறங்கிவிட்டன. பிறகு லண்டன், அகதி விண்ணப்பம், கேஸ், பஸ் லைசென்ஸ் என்று ஓட்டமாய் ஓடினார். தொண்ணூற்றொன்பதில் செல்வமலர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இறங்க, கலியாணம். ஒரே மகள் மிதுஷா இப்போது மான்செஸ்டரில் படிக்கிறாள்.

இரண்டாயிரத்துப் பதினொன்றில் குகதாசன் சனிக்கிழமைக் காலை ஓவிய வகுப்பில் சேர்ந்தார். ஆசிரியை ஜூடித் எதைக் கீறச் சொன்னாலும் அவர் சிசிலியைத்தான் கீறுவார். பூச்சாடி வைத்தால் அதற்குப் பின்னால் ஒலிவ் மரம் வரும். ஆள் வைத்தால் அந்த ஆளுக்குப் பின்னால் எரிமலை புகையும். வகுப்பிலே யாருக்காவது அந்தப் பக்கத்து மலை, மரம், கடல் பற்றிச் சந்தேகம் வந்தால் அவரிடம்தான் கேட்பார்கள். அவர் தூரிகையைக் கீழே வைத்துவிட்டு ஆறுதலாக விளங்கப்படுத்துவார். கிழமை முழுவதும் ஸ்டியரிங் பிடிக்கிற மனுசனுக்கு அந்த இரண்டரை மணித்தியாலம்தான் ராச வாழ்க்கை.

பதினொரு வருசம் கழித்து அவருடைய வலது தோள் இறுகிப்போனது. படம் கீறுகிற பலகையைத் தூக்க ஏலாது.

"நீர் சும்மாதானே இருக்கிறீர். ஒருக்கா வந்து இதைத் தூக்கி வைச்சுவிடும்" என்று மனைவியிடம் சொன்னார்.

செல்வமலர் பள்ளிக்கூடக் கிச்சினில் வேலை செய்கிறவள். சனிக்கிழமைதான் அவளுக்கு வீடு கூட்டவும் உடுப்புத் தோய்க்கவும் கிடைக்கிற நாள். என்றாலும் வந்தாள். முதல் இரண்டு கிழமையும் மூலையில் இருந்து போனைப் பார்த்தாள். மூன்றாம் கிழமை ஜூடித் அவளுக்கு முன்னால் ஒரு கடதாசியையும் கரித்துண்டையும் வைத்துவிட்டுப் போனாள். மலர் தன் செருப்பைக் கழற்றி மேசையில் வைத்துக் கீறினாள்.

குகதாசன் எட்டிப் பார்த்துச் சிரித்தார். பிறகும் ஒருக்கா எட்டிப் பார்த்தார். அப்போது சிரிக்கவில்லை. தேய்ந்த குதிக்காலும் பிய்ந்த வாருமாக, அது அவளுடைய செருப்பேதான்.

அன்றைக்குத் தொடங்கியது எரிச்சல். அவர் அதற்கு வேறு பெயர்கள் வைத்துக்கொண்டார். மலருடைய மேசையில் ஜூடித் எவ்வளவு நேரம் நிற்கிறாள் என்று சுவர் மணிக்கூட்டைப் பார்ப்பார். தன் மேசையில் நாலு நிமிசம், அங்கே பதினொன்று. 'புது ஆள், கனக்கச் சொல்லிக் குடுக்க வேணும்' என்று மனதுக்குச் சொல்லிக்கொள்வார். வீட்டில் அவளுக்குப் பெயின்ற் கொடுக்கும்போது வாய் இறுகிய பழைய ரியூப்களாகப் பார்த்துக் கொடுப்பார். அவள் அவற்றைக் கத்தரிக்கோலால் வெட்டித் திறந்து உள்ளே இருந்ததை வழித்தெடுப்பாள்.

அடுத்த ஆண்டு வசந்த காலத் தவணைக்கு ஜூடித் சொன்ன தலைப்புக் குகதாசனுக்கென்றே அளந்து தைத்ததுபோல இருந்தது. தெற்கு ஐரோப்பாவின் நிலமும் எழுத்தும். அங்கத்தைய பழைய எழுத்து ஒன்றை எடுத்து, அதில் வருகிற நிலத்தைக் கீற வேண்டும். யூன் மாதம் நூலக மண்டபத்தில் கண்காட்சி. முதல் பரிசு, கோடையில் பத்து நாள் சிசிலிக்குப் போய் ஓவியம் கீறுகிற பயணம். ஒரு ஆளுக்கு மட்டும்.

குகதாசன் தன் பெட்டியிலிருந்து உக்கிப்போன ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டுபோய் ஒரு இடையன் பாட்டை வகுப்பிலே மொழிபெயர்த்துச் சொன்னார். மேற்குக் கரையில் திராப்பானி என்று ஒரு ஊர். அங்கே உப்பளத்தில் வேலை செய்கிற பெண்ணை மலையில் நிற்கிற இடையன் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான். காற்று எதிர்ப்பக்கம் அடிக்கிறது. அவளுக்குக் கேட்கவில்லை. அவ்வளவுதான் பாட்டு. சொல்லி முடிக்க வகுப்புக் கொஞ்ச நேரம் சத்தமில்லாமல் இருந்தது. அந்த அமைதி தனக்கானது என்று அவர் எடுத்துக்கொண்டார்.

அவர் பெரிய துணியில் தொடங்கினார். முன்னுக்கு இடையன், ஆடுகள், ஒலிவ் மரம். பின்னுக்குக் கடல், கடலுக்கு இந்தப் பக்கம் எரிமலை. உப்பளம் ஒரு மூலையில் வெள்ளைக் கோடாகக் கிடந்தது.

"நானும் அந்தப் பாட்டையே கீறட்டே?" என்று மலர் கேட்டாள்.

"நீர் அந்த ஊரைக் கண்டதே?"

"நீங்கள் சொன்னதுதானே தெரியும்."

"அப்ப கீறும். பிழை வந்தாச் சொல்லுறன்."

பிழை சொல்ல அவருக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை. அவளுடைய படத்தில் உப்பளம்தான் முழுக்க. பாத்திகளில் நின்ற தண்ணீர் வெள்ளையுமில்லை, நீலமுமில்லை. பின்னேர வெயிலில் அழுகிய ரோசாப்பூ நிறம். ஒரு பெண் குனிந்து உப்பை வாருகிறாள், முதுகுதான் தெரிகிறது. மலை தூரத்தில் ஒரு விரல் அகலம். இடையன் ஒரு புள்ளி. கையால் தட்டிவிட்டால் போய்விடுகிற புள்ளி.

"தண்ணி என்ன இந்த நிறம்?" என்று கேட்டார்.

"உப்பு இறுகிற நேரம் அப்பிடித்தான் வரும். அப்பா ஆனையிறவு உப்பளத்தில மேற்பார்வையெல்லோ. சின்னனில பாத்தனான்."

இருபத்துநாலு வருசம் ஒன்றாக வாழ்ந்தவருக்கு மாமனார் உப்பளத்தில் வேலை செய்தவர் என்பது தெரியும். அதில் நிறம் இருந்தது என்பது தெரியாது.

கண்காட்சிக்குப் படிவம் நிரப்பியது குகதாசன்தான். இரண்டு படத்துக்கும் இரண்டு படிவம். தன்னுடையதில் முழுப் பெயரை எழுதினார். மலருடையதில் எஸ். குகதாசன் என்று மட்டும் எழுதினார். எழுதும்போது கை ஒருக்கா நின்றது. பிறகு கையொப்பம் வாங்கி அனுப்பிவிட்டார்.

யூன் மாதம் திறப்பு விழாவுக்கு நல்ல சனம். குகதாசன் கோட்டுப் போட்டு, 'குகதாசன்' என்று பெயர் ஒட்டிக்கொண்டு நின்றார். அவருடைய படம் வாசலுக்குப் பக்கத்தில் தொங்கியது. மலருடைய படம் நடுச் சுவரில் தனியாக. கீழே சின்ன அட்டையில் எஸ். குகதாசன். மலர் தேநீர் மேசையில் நின்று யாருக்கோ பால் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். இங்கே வந்தும் கிச்சின் வேலை அவளை விடவில்லை.

நரைத்த தலையும் சிவப்புச் சால்வையுமாக ஒரு பெண்மணி நடுச் சுவருக்கு முன்னால் நின்றார். அட்டையைப் பார்த்தார். குகதாசனின் நெஞ்சில் இருந்த பெயரைப் பார்த்தார். விறுவிறு என்று வந்து அவருடைய கையைப் பிடித்தார்.

"என் பெயர் கொன்செத்தா. நான் திராப்பானியில் பிறந்தவள். இதை எப்படி ஐயா கீறினீர்கள்?"

குகதாசன் இத்தாலியனில் பதில் சொன்னார். அந்த அம்மா சந்தோசத்தில் துள்ளினார். பலேர்மோவில் எந்தத் தெரு, எந்தச் சந்தை என்று பேச்சு வளர்ந்தது. நான்கைந்து பேர் கூடிவிட்டார்கள். இது என் மனைவியின் படம் என்று சொல்ல முதல் நிமிசத்தில் ஒரு இடம் இருந்தது. இரண்டாம் நிமிசத்திலும் இருந்தது. அவர் சொல்லவில்லை. கூடி நின்றவர்களுக்காக இங்கிலீசுக்கு மாறித் தண்ணீரின் நிறத்தைப் பற்றி விளக்கம் சொல்லத் தொடங்கினார். "உப்பு இறுகும் நேரத்தில் அப்படித்தான் வரும்" என்று அவருடைய வாய் சொன்னது. சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். அந்தத் தலையாட்டல் அவருக்குத் தேனாக இருந்தது.

"அந்தப் பாட்டு எனக்குத் தெரியும்" என்றார் கொன்செத்தா, தானும் இங்கிலீசில். "ஆனால் உங்கள் பெண்ணைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம். அவளுக்குக் கேட்டதா, கேட்கவில்லையா?"

"கேட்கவில்லை. பாட்டில் அப்படித்தான் இருக்கிறது."

"கேட்டது" என்று பின்னால் ஒரு குரல்.

மலர் பால் கோப்பையோடு நின்றாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. தன் உடைந்த இங்கிலீசில் நிதானமாகச் சொன்னாள். "கேட்டது. ஆனால் மழை வரப்போகுது. அதற்கு முதல் உப்பை வாரி மூட வேணும். அவன் மலையில் நிண்டு கூப்பிடலாம். அவளுக்கு வேலை இருக்கு."

கொன்செத்தா மலரைப் பார்த்தார். அவளுடைய கையில், நகத்தடியில், கழுவியும் போகாத ரோசா நிறத்தைப் பார்த்தார். அதற்குப் பிறகு குகதாசனிடம் எதுவும் கேட்கவில்லை. மலரின் தோளில் கைபோட்டுப் படத்துக்குப் பக்கத்தில் கூட்டிக்கொண்டு போனார். போகிற வழியில் வாசல் படத்தைக் காட்டி, "இது யாருடையது? திராப்பானியில் நின்றால் எரிமலை தெரியாதே, அது தீவின் அடுத்த கரையில் அல்லவா!" என்று சாதாரணமாகச் சொன்னது குகதாசனுக்கு நன்றாகக் கேட்டது.

எரிமலை தெரியாது என்பது அவருக்கும் தெரியும். லண்டனில் யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள் என்று வைத்ததுதான்.

முதல் பரிசு மலருக்கு.

காரில் சவுத் விம்பிள்டன் சந்தியைத் தாண்டினார்கள்.

"என்ர பேரை முழுசா எழுதியிருக்கலாம்" என்றாள் மலர்.

"படிவத்துப் பெட்டிக்க இடம் காணாது."

"உங்கட பேருக்குக் கண்டதுதானே. ஒரே அளவுப் பெட்டி. கையெழுத்து வைக்கேக்க நானும் பாத்தனான்."

அவர் சிக்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பச்சை விழுந்தது தெரியாமல் நிற்க, பின்னால் ஒருவன் ஹோர்ன் அடித்தான். இருபது வருசத்துக்கு மேல் பஸ் ஓட்டினவருக்கு அப்படி நடந்ததேயில்லை.

ஓகஸ்ட் கடைசியில், பள்ளிக்கூட விடுமுறையில், மலர் சிசிலிக்குப் போனாள். பலேர்மோவில் தான் இருந்த வீட்டின் விலாசத்தைக் குகதாசன் துண்டில் எழுதிக் கொடுத்தார். பத்து நாளும் அவருக்கு நெருப்பில் இருந்த மாதிரி. வாட்ஸ்அப்பில் வந்த படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தார். ஓடு அடுக்கி மூடிய உப்புக் குவியல்கள், காற்றாலை, கொன்செத்தாவின் தங்கை வீட்டுச் சாப்பாட்டு மேசை. அவர் நாலு வருசம் இருந்தும் திராப்பானியை ஒருநாள் பஸ் கண்ணாடியால் பார்த்ததோடு சரி. அவருடைய தீவில் அவர் மிதிக்காத மண்ணில் அவள் நின்றுகொண்டிருந்தாள்.

திரும்பி வந்தவள் ஸ்கெட்ச் புத்தகத்தைச் சாப்பாட்டு மேசையில் வைத்தாள். அவர் மூன்று நாள் அதைத் தொடவில்லை. நாலாம் நாள் காலை ஷிப்ட் முடித்து வந்து திறந்தார். ஒவ்வொரு தாளாகப் பிழை தேடினார். கிடைத்த பிழைகளும் நல்லாய்த்தான் இருந்தன. பலேர்மோ ஒரு தாளிலும் இல்லை. மலர் வேலையால் வந்தபோது அவர் கடைசித் தாளிலேயே இருந்தார்.

"பலேர்மோவுக்குப் போகேல்லையோ?"

"ஒரு நாள் கூட்டிக்கொண்டு போனவை. நான் போகேல்லை. அண்டைக்கு உப்பு வாரின நாள்."

"நான் இருந்த வீட்டை ஒருக்காப் பாக்க வேணும் எண்டு நினைக்கேல்லையோ?"

மலர் கதிரையை இழுத்து இருந்தாள். "இல்லை" என்றாள். "கலியாணம் செய்த நாள் துவக்கம் அந்த நாலு வருசக் கதையைத்தான் கேக்கிறன். ஆர் வந்தாலும் அதுதான். எங்கட வாழ்க்கையைப் பற்றி நீங்கள் ஒருத்தரிட்டையும் அப்பிடிக் கண் மினுங்கக் கதைச்சு நான் காணேல்லை. எனக்கு அந்த ஊரின்ர பேரைக் கேட்டாலே எரியும். அதுதான் போகேல்லை."

குகதாசன் புத்தகத்தை மூடினார். தெரிந்த ஒன்றைச் சொன்னார்.

"எனக்கும் எரியுது, மலர். உம்மைப் பாக்க எரியுது. அண்டைக்கு உம்மட படத்துக்கு முன்னால நிண்டு..."

"தெரியும்."

"ஏன் அங்கயே சொல்லேல்லை?"

"சொன்னனே. கேட்டது எண்டு சொன்னன்."

அவள் எழும்பித் தேத்தண்ணி போடப் போனாள்.

அடுத்த கிழமை அவர் தொலைபேசி எடுத்து நூலக மண்டபத்தின் ஆண்டு மலரில் படத்துக்குக் கீழே முழுப் பெயர் போடச் சொன்னார். செல்வமலர் குகதாசன். எழுத்து எழுத்தாகச் சொல்லிக் கொடுத்தார். பிறகு ஜூடித்தின் வகுப்பை விட்டுவிட்டு மெர்ட்டனில் வியாழக்கிழமை வகுப்பொன்றில் சேர்ந்தார். ஒரே அறையில் இருக்கத் தன்னால் ஏலாது என்று மலரிடம் நேராகவே சொன்னார். அவள் "ஓம்" என்றாள்.

இப்போதும் சனிக்கிழமை மத்தியானங்களில் அவள் வரும்போது கதவைத் திறந்து பலகையை வாங்குவது அவர்தான். தோள் சுகமாகிவிட்டது. வாங்கியதும் படத்தைத்தான் பார்ப்பார். சரியாக வராத படம் என்றால் அன்றைக்கு அவருக்குச் சோறு ஒரு பிடி கூடுதலாக இறங்கும். நல்லாக வந்திருந்தால் கொஞ்ச நேரம் நின்று தொண்டையைச் செருமிக்கொள்வார். பிறகு, "நல்லாயிருக்கு" என்பார். அந்த ஒரு சொல்லைச் சொல்ல அவர் படுகிற பாட்டை மலர் சப்பாத்தைக் கழற்றியபடி பார்த்துக்கொண்டிருப்பாள்.