நோயல் கொடுத்த நாலு நட்சத்திரம்

லிங்கராஜபுரத்தில் நோயலை எல்லோருக்கும் தெரியும். பழைய மெட்ராஸ் ரோட்டு டெலிபோன் ஃபேக்டரியில் முப்பத்தாறு வருஷம் வேலை பார்த்துவிட்டு ஓய்வுபெற்றவர். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் பத்து நிமிஷம் லேட்டாக வந்து கடைசி பெஞ்சில் உட்காருகிறவர். ஆனால் அவர் எழுதுவதை வரி விடாமல் படிக்கிற ஆட்கள் போலந்திலும் சிலியிலும் ஹாலந்திலும்தான் இருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கு அவர் எழுதுவார் என்பதே தெரியாது.

அவர் எழுதியதெல்லாம் ஒரே ஆல்பத்தைப் பற்றி. ஆர்டன் கேட் என்ற இங்கிலீஷ் குழு 1985இல் வெளியிட்ட 'பெல்மேன்ஸ் விண்டர்'. எழுபதுகளில் பெரிய குழுக்கள் செய்து முடித்துவிட்டுப் போனதை எண்பதுகளில் மறுபடி செய்யக் கிளம்பிய பையன்களின் இசைக்கு நியோ ப்ரோக்ரஸிவ் ராக் என்று பெயர். சர்ச்சில் மணியடிக்கிற ஒருவன் ஒரு குளிர்காலத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் செவிடாகிப் போவதுதான் ஆல்பம் முழுக்கக் கதை. அதில் ஒரு பாட்டு மட்டுமே பதினெட்டு நிமிஷம் ஓடும்.

இன்டர்நெட்டில் அந்த ஆல்பத்தின் ரசிகர்களுக்கென்று ஒரு மன்றம் உண்டு. நாற்பது வருஷமாகியும் சண்டை ஓயவில்லை. போலந்துக்காரர் ஒருவர் இதெல்லாம் சுத்தக் காப்பி, மூத்தவர்களின் எச்சில் என்பார். சிலியிலிருந்து ஒரு பெண்மணி, கீபோர்டு வாசித்தவனின் கையைக் கட்டிப்போட்டிருந்தால் ஆல்பம் தேறியிருக்கும் என்பார். முதல் பக்கம் தங்கம், இரண்டாவது பக்கம் இழுவை என்று ஒரு கட்சி. நேர்மாறாக இன்னொரு கட்சி. எல்லோரும் ஒத்துப்போகிற இடம் ஒன்றே ஒன்றுதான். அந்தப் பதினெட்டு நிமிஷப் பாட்டின் நடுவில், தன் மணிச்சத்தம் தனக்கே கேட்கவில்லை என்று அவனுக்கு உறைக்கிறபோது வரும் கித்தார்.

2003இல் மன்றத்தில் சேர்ந்த அன்றே நோயல் தன் கருத்தை எழுதிவிட்டார். "இதைவிட உயர்ந்த ஆல்பம் பூமியில் இல்லை. இருந்தாலும் நாலு நட்சத்திரம்தான். என் கேசட்டில் அந்தக் கித்தார் வருகிற இடத்தில் பதினேழு வினாடி என் மனைவி பாடுகிறாள்."

மன்றமே சிரித்தது. அதன் பிறகு அவருக்கு அங்கே பதினேழு வினாடிக்காரர் என்றுதான் பெயர். அந்தக் கதையை அவர் கல்யாண வீட்டிலும் சொல்வார், கேன்டீனிலும் சொல்வார். 1994 கிறிஸ்மஸுக்கு முன்னால் மனைவி பியாட்ரிஸ் கொயர் பிராக்டீஸைப் பதிவுசெய்ய அவசரத்தில் கையில் கிடைத்த கேசட்டைப் போட்டாள், ஒரு வரி பாடினாள், "ஐயோ, இது சுத்துதா இல்லையா?" என்று கேட்டுச் சிரித்தாள், அப்புறம்தான் அது எந்தக் கேசட் என்று பார்த்தாள். கதை அந்த இடத்தில் முடிந்துவிடும். சிரிப்பு வருகிற இடத்தோடு நிறுத்திக்கொள்ளத் தெரிந்தவர் நோயல்.

எட்டு நாள் அவளோடு பேசாமல் இருந்ததை அவர் சொன்னதில்லை. சாப்பாட்டுத் தட்டை அவள் வைத்தால் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு சாப்பிடுவார். முப்பத்தோரு வயது ஆம்பிளை, ஒரு கேசட்டுக்காக.

2011இல் பியாட்ரிஸுக்குத் தொண்டையில் ஆபரேஷன் நடந்தது. உயிர் தப்பியது, குரல் தப்பவில்லை. அதன் பிறகு பன்னிரண்டு வருஷம் கரகரத்த மூச்சாகத்தான் பேசினாள். கொயரில் நின்றாள், வாயசைத்தாள். எல்லார் கையிலும் கேமரா போன் வந்து சேர்ந்தபோது பதிவுசெய்ய அந்தக் குரல் இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன் அவளும் போய்விட்டாள். அவளுடைய பழைய குரலை நினைத்துப் பார்க்க நோயல் எவ்வளவோ முயன்றார். கரகரப்புதான் வந்தது. அதை யாரிடமும் சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்தது.

இந்த வருஷம் ஆல்பத்துக்கு நாற்பது வயது. ரசிகர்களின் கருத்துகளைத் தொகுக்கப்போகிறோம், பழையதைத் திருத்துகிறவர்கள் திருத்தலாம் என்று மன்றத்தில் அறிவித்தார்கள். கண் பார்வை மட்டு என்பதால் தன் பழைய கருத்தை மகள் லவினாவிடம் படித்துக் காட்டச் சொன்னார். அவள் கடைசி வரியில் நின்றுவிட்டாள்.

"டாடி, மம்மி பாடுனது நிஜமாவே அந்த கேசட்ல இருக்கா?"

"இருக்கு" என்றார் நோயல். சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. இருபது வருஷமாகத் தமாஷாகச் சொல்லிவந்த ஒன்று திடீரென்று வீட்டிலேயே பெரிய சொத்தாகிவிட்டது.

"எங்க டாடி? நீங்க சொல்ற தமாஷுன்னுல்ல நெனச்சேன். நினைவு நாள் ஜெபத்துல போடலாமே. எனக்கு அந்த வாய்ஸ் மறந்தே போச்சு டாடி."

அவளுக்கும் மறந்துபோயிருந்தது. அதைக் கேட்டதும் நோயல் எழுந்து ஸ்டூலைப் போட்டுப் பரண்மேல் ஏறிவிட்டார். அறுபத்திரண்டு வயதில், வேண்டாம் டாடி என்று மகள் கத்தக் கத்த. கிறிஸ்மஸ் நட்சத்திரங்களுக்கும் உடைந்த மிக்ஸிக்கும் அடியில் கேசட் இருந்தது. வீட்டு டேப்ரெக்கார்டரின் பெல்ட் எப்போதோ நைந்து போயிருந்தது. ஓடுகிற டெக் கம்மனஹள்ளியில் டெரிக்கிடம் இருந்தது. ஃபேக்டரி நாட்களிலிருந்து நண்பன். அந்த ஆல்பத்தின் இசைத்தட்டையே வெளிநாட்டு மாமாவிடம் சொல்லி வரவழைத்தவன். அப்பாவும் மகளும் லவினாவின் ஸ்கூட்டரில் போனார்கள். வழி முழுக்க நோயல் கேசட்டைச் சட்டைப் பையில் வைத்து மேலே கையால் மூடிக்கொண்டிருந்தார்.

டெரிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கேசட்டைத் திருப்பிப் பார்த்தான். கேசட்டின் முதுகில் இரண்டு சின்ன பிளாஸ்டிக் பற்கள் இருக்கும். அவற்றை உடைத்துவிட்டால் அதன்மேல் யாராலும் எதையும் பதிய முடியாது. இரண்டும் உடைக்கப்பட்டிருந்தன.

"நீ உடைச்சதுதான மேன் இது. இனிமே எவளும் கை வெக்க முடியாதுன்னு, இங்க ஒக்காந்து, ஸ்க்ரூ டிரைவர் வெச்சு."

நோயலுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை மொத்தமாகத் திரும்பி வந்தது. பேசாமலிருந்த எட்டு நாட்களில் ஆறாவது நாள். இதே அறை. டெரிக்கின் இசைத்தட்டு ஒரு பக்கம், கேசட் ஒரு பக்கம், பதிவை நிறுத்தி ஓடவிடுகிற பாஸ் பட்டனில் தன் விரல். பதினான்கு முறை தப்பிப்போய், பதினைந்தாவது முறை சரியாக விழுந்தது. அதன் பிறகுதான் பற்களை உடைத்தார். அப்புறம் சி.டி. வந்துவிட்டது, கேசட் பரணுக்குப் போனது, அவரே அதை மறந்துவிட்டார். கதை சொல்லிச் சொல்லி மறந்துவிட்டார்.

"வேணாம் டெரிக்" என்றார்.

"என்ன டாடி வேணாம்? போடுங்க அங்கிள்" என்றாள் லவினா. தரையில் சம்மணமிட்டு ஸ்பீக்கரின் முன்னால் உட்கார்ந்துவிட்டிருந்தாள்.

பாட்டு ஓடியது. எட்டு நிமிஷம் போயிற்று. மணி அடித்து ஓய்ந்தது. மகள் தலையைக் குனிந்து ஸ்பீக்கரோடு காதை ஒட்டிக்கொண்டாள். நோயல் அவளுடைய முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். கித்தார் எழுந்தது, ஒரு குறையும் இல்லாமல், உலகத்து ரசிகர்களெல்லாம் ஒத்துக்கொண்ட அதே கித்தார், முழுதாக வாசித்து முடிந்தது.

"பாத்தியா!" என்று டெரிக் தொடையில் தட்டினான். அவனுக்கு எதற்காக வந்திருக்கிறார்கள் என்றே தெரியாது. "முப்பது வருஷம் ஆச்சு, ஜாயின்ட் தெரியுதா பாரு. என்னா வேல செஞ்சிருக்கோம்டா நாம!"

லவினா திரும்பிப் பார்த்தாள். "மம்மி எங்க டாடி?"

அவள் குரலின்மேல் கித்தாரைத் திரும்பப் பதிந்ததை நோயல் சொன்னார். எட்டு நாளையும் சொன்னார், பதினைந்து முறையையும் சொன்னார். டெரிக் எழுந்து உள்ளே போய்விட்டான். லவினா கேசட்டை வெளியே எடுத்து, அதன் பெட்டியில் போட்டு, அவர் கையில் கொடுத்தாள்.

மறுநாள் காலை அவர் மகளைக் கூப்பிடவில்லை. பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு தானே தட்டித் தட்டி எழுதினார். பழைய கருத்தை அழித்தார். நட்சத்திரத்தை மாற்றுகிறீர்களா என்று மன்றம் கேட்டது, மாற்றவில்லை.

"இதைவிட உயர்ந்த ஆல்பம் பூமியில் இல்லை. இருந்தாலும் நாலு நட்சத்திரம்தான். என் கேசட்டில் அந்தக் கித்தார் வருகிற இடத்தில் கித்தார் மட்டும்தான் இருக்கிறது."

ஒரு மணி நேரத்தில் ஹாலந்திலிருந்து ஒருவர் கேட்டிருந்தார்: "அங்கே வேறென்ன இருக்க வேண்டும், நண்பரே?"