லைன்: கண்டியிலிருந்து நாலாம் லயம் வரை

வியாழன், காலை 6.10. கண்டியில் நாவலப்பிட்டி பஸ்ஸில் ஏறியபோது என் பையில் ஒரு தண்ணீர்ப் போத்தலும் ஒரு கொப்பியும் இருந்தன. நான் குண்டசாலையில் பெரியவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பவள். அவர்களுக்காக ஒரு சின்னச் சொற்கையேடு எழுதுகிறேன். மூன்று வாரமாக ‘லைன்’ என்ற ஒரே சொல்லில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். கோடு, வரிசை, வரி, கயிறு, தண்டவாளம் என்று அகராதி அடுக்கிக்கொண்டே போகிறது. எதை முதலில் போடுவது என்று முடிவு செய்யாமல் அடுத்த சொல்லுக்குப் போவதில்லை என்பது என் பிடிவாதம்.

ஆனால் பயணம் அதற்காக அல்ல, பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகேஸ்வரிக்காக. கண்டியில் துணிக்கடை ஒன்றில் வேலை செய்துகொண்டே மாலையில் என்னிடம் படிக்கிறாள். முன்பள்ளி ஆசிரியைப் பயிற்சிக்கு அவளைத் தெரிவு செய்து, அவளுடைய தேயிலைத் தோட்டத்து விலாசத்துக்குக் கடிதம் அனுப்பி இரண்டு வாரமாகிவிட்டது. கடிதம் அவள் கைக்கு வரவில்லை. அசல் கடிதத்தோடு இன்று மாலை நாலு மணிக்குள் கண்டி அலுவலகத்தில் நிற்காவிட்டால் இடம் வேறு ஆளுக்குப் போய்விடும். பிரதி தரமாட்டார்களாம். அதைக் கேட்டு வந்த கோபத்தில்தான் நானும் வருகிறேன் என்றேன்.

முப்பத்தெட்டுக் கிலோமீட்டர், ஆளுக்கு 160 ரூபா. கம்பளை தாண்டியதும் ரயில் பாதை கூடவே வந்தது. நடத்துநர் இந்த ‘லைனில்’ பதினொரு வருடமாக ஓடுகிறாராம். மழைக்கு ரயில் ‘லைன்’ மூடினால் பஸ்ஸில் கால் வைக்க இடமிருக்காதாம். ஒரே மூச்சில் இரண்டு அர்த்தம் கிடைத்த மகிழ்ச்சியில் கொப்பியைத் திறந்தேன். மகேஸ்வரி நகம் கடித்துக்கொண்டிருந்தாள். வெட்கப்பட்டு மூடிவிட்டேன்.

8.05, நாவலப்பிட்டி. தோட்டத்துக்கு ஏழு கிலோமீட்டர், ஆட்டோவுக்கு 900 ரூபா. மேலே போனால் ‘லைன்’ கிடைக்காது, போனில் பேச வேண்டியதை இங்கேயே பேசிக்கொள்ளுங்கள் என்றார் ஓட்டுநர். பேச எங்களுக்கு யாரும் இல்லை.

8.40. தோட்டத்து அலுவலகத்துக் கிளாக்கர் மரியாதையானவர். வெள்ளைக்காரர்கள் தோட்டத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய அறைகளுக்கு வைத்த ‘லைன்’ என்ற பெயர்தான் இங்கே லயம். லயத்துக்கு வரும் கடிதம் எதுவும் வீட்டுக்குப் போவதில்லை. எல்லாம் அலுவலகத்தில் குவியும். அந்த லயத்து ஆள் யாராவது அந்தப் பக்கம் வந்தால் கொடுத்தனுப்புவார்கள். நாலாம் லயம் மகேஸ்வரிக்குக் கொடுத்தாயிற்றே என்றார் அவர். பன்னிரண்டு அறை கொண்ட அந்த லயத்தில் மகேஸ்வரி மூன்று பேர்.

இரண்டாவது மகேஸ்வரி வீட்டில் இருந்தார், கடிதம் எதுவும் வரவில்லை என்றார். மூன்றாமவர் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார். ஏறினோம். அட்டைகள் என் காலைக் கண்டதும் விருந்து என்று நினைத்துவிட்டன. மேலே போய்ச் சேர ஒரு மணி நேரம். ஐம்பது வயதிருக்கும் அந்த அம்மா கூடையை இறக்காமலே சொன்னார்.

“சாமிப் படத்துக்குப் பின்னால வச்சிருக்கேன். இங்கிலீசுல வந்துச்சு. நல்ல சேதிய நமக்கு யாரு இங்கிலீசுல எழுதுறா? அதான் பிரிக்கல.”

எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. யாரைப் பார்த்துக் கத்துவது என்றுதான் தெரியவில்லை. எங்கள் மகேஸ்வரியோ, பத்திரமா வச்சிருந்தீங்களே அக்கா என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் வீட்டுச் சாவியை வாங்கிக்கொண்டு இறங்கினோம். உறையில் திருநீறு படிந்திருந்தது.

பிற்பகல் 2.50, மறுபடி கண்டி. அலுவலகத்தில் ‘லைனில்’ நிற்கச் சொன்னார்கள். எங்களுக்கு முன்னால் பதினேழு பேர். முறை வந்தபோது மணி 3.40. கடிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு ஒரு படிவத்தை நீட்டினார்கள். விலாசத்துக்கு ஒரே ஒரு புள்ளிக்கோடு. இனி எல்லாக் கடிதமும் அந்த விலாசத்துக்குத்தான் வரும். என் வீட்டு விலாசத்தைப் போடு, குண்டசாலைக்கு ஒழுங்காக வரும் என்று அவள் காதில் சொன்னேன். அவள் பேனாவை எடுக்கவில்லை.

“வேணாம் டீச்சர். அங்க வராதுன்னு நாமளே விட்டுட்டா, அப்புறம் என்னைக்குத்தான் வரும்?”

அப்பா பெயர், அறை இலக்கம் ஏழு, நாலாம் லயம், தோட்டம், நாவலப்பிட்டி. எதையும் விடவில்லை. புள்ளிக்கோடு முடிந்த பிறகும் ஓரம் வரை எழுதிக்கொண்டே போனாள். அலுவலர் ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு முத்திரை குத்தினார். மணி 3.52.

மாலை 6.15, குண்டசாலை. என் வீட்டுக் கதவுக்கு அடியில் கரண்ட் பில்லும் ஒரு நிக்காஹ் அழைப்பிதழும் எனக்காகக் காத்துக் கிடந்தன. இருபது வருடமாக எனக்கு வரும் கடிதங்கள் அப்படித்தான் வந்து கிடக்கின்றன. அது ஒரு வசதி என்று ஒருநாளும் எனக்குத் தோன்றியதில்லை. கால் கழுவிவிட்டுக் கொப்பியைத் திறந்தேன். கோட்டையும் வரிசையையும் தண்டவாளத்தையும் கீழே தள்ளிவிட்டு, என் அகராதியில் இல்லாத ஒன்றை முதலாவதாக எழுதினேன்:

லைன்: ஆட்கள் குடியிருக்கும் இடம். கடிதம் போய்ச் சேர வேண்டிய இடம்.