வினாத்தாளின் மூலையில் ஓர் எழுத்து

என் பெட்டிக்குள் இரண்டு வினாத்தாள்கள் இருக்கின்றன. ஒரே நாளில், ஒரே மருத்துவ நுழைவுத் தேர்வில் கொடுத்தவை. ஒன்று என்னுடையது. மற்றது என் பள்ளிச் சிநேகிதியுடையது. அவள் தாளின் இயற்பியல் பக்கங்களில் பேனாவால் போட்ட பெருக்கல் குறிகள் நிறைந்து கிடக்கும். போட்டவள் அவள்தான். போட வைத்த புண்ணியவதி நான்.

சங்கரன்கோவிலில் எங்கள் பள்ளியிலிருந்து அந்த வருடம் தேர்வெழுதியது நாங்கள் இருவர் மட்டுமே. முன்னே எழுதியவர்கள் யாரும் எங்களுக்குத் தெரிந்து இல்லை, கேட்டுக்கொள்ள ஆளில்லை. திருநெல்வேலியில் தேர்வு. கம்மலைக் கழற்றச் சொன்னார்கள், கழற்றி என் அப்பாவின் சட்டைப் பையில் போட்டோம். தாளின் மூலையில் இருந்த எழுத்தை விடைத்தாளில் எழுதச் சொன்னார்கள், எழுதினோம். அது எதற்கு என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. படிப்பில் அவள் என்னைவிடக் கெட்டி. ஆனால் இயற்பியல் என்றால் அவளுக்கு உள்ளூர ஒரு நடுக்கம். விசைத்தறி ஓட்டும் அவள் அப்பா ஒரே வார்த்தைதான் சொல்லியிருந்தார்: “சீட்டு கெடச்சா படி மக்கா. இல்லன்னா சிவகிரிக்காரங்ககிட்ட சரின்னு சொல்லிருதேன்.” சிவகிரியிலிருந்து பெண் கேட்டு வந்தவர்கள் பதிலுக்குக் காத்திருந்தார்கள்.

திரும்பும்போது பஸ்ஸில் எங்கள் பேச்சு ஓயவில்லை. எந்தக் கேள்வி கழுத்தை அறுத்தது, எது பாடப் புத்தகத்திலிருந்து அப்படியே வந்தது, மின்விசிறி ஓடாத அறையில் யாருக்கு மயக்கம் வந்தது என்று ஒன்று விடாமல் பேசினோம். மானூர் தாண்டியதும் அப்பாவின் போனில் யாரோ விடைப்பட்டியல் அனுப்பினார்கள். முதலில் என் தாளில் நான் வட்டமிட்டிருந்த விடைகளைச் சரிபார்த்தோம். முக்கால்வாசி பொருந்தியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. “இப்போ உன்னோடத எடு, நான் வாசிக்கேன்” என்று அப்பாவின் பேனாவை அவள் கையில் திணித்தேன். இயற்பியலை முதலில் பார்த்துவிடலாம் என்றாள். நான் விடை எண்களை வாசிக்க வாசிக்க அவள் குறி போட்டுக்கொண்டே வந்தாள். தேவர்குளத்தில் பஸ் நின்றபோது பேனாவை மூடிவிட்டாள். “போதும்ட்டி. எனக்கு வராது.” என் விடைகள் பொருந்தியதால் பட்டியல்மேல் எனக்குச் சந்தேகமே வரவில்லை. அவளும் தன்னைத்தான் சந்தேகப்பட்டாள். இறங்கும்போது தாளை இருக்கையிலேயே விட்டுவிட்டாள். கொடுத்துக்கொள்ளலாம் என்று நான் எடுத்து வைத்தேன்.

அன்றே வீட்டில் “வராதுப்பா” என்று சொல்லியிருக்கிறாள். அவள் அப்பா கெட்ட மனிதர் இல்லை. மகள் வாயாலேயே கேட்ட பிறகு அவர் யாருக்காகக் காத்திருப்பார்? அந்த வாரமே தட்டு மாற்றினார்கள். கல்யாணத்தில் அவளுக்குப் பூ வைத்துவிட்டதுகூட நான்தான்.

கல்யாணம் முடிந்த நாலாம் நாள் தேர்வு முடிவு வந்தது. அவளுக்கு என்னைவிட அதிக மதிப்பெண். நம்ப முடியாமல் அவள் தாளை எடுத்துப் பார்த்தேன். மூலையில் வேறு எழுத்து. என் தாளிலும் அவள் தாளிலும் அதே கேள்விகள், ஆனால் வரிசை வேறு. என் தாளுக்கான விடைகளை அவளுக்கு வாசித்திருக்கிறேன். பத்து நிமிடம் இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். என்ன அவசரம் எனக்கு? அரசுப் பள்ளி ஒதுக்கீட்டில் எனக்கு இடம் கிடைத்தது. ஊரே வாழ்த்தியது. அவளிடம் உண்மையைச் சொல்ல மட்டும் எனக்கு வாய் வரவில்லை. கோழை என்றால் நான்தான்.

போன ஆடித்தபசுக்குப் பிறந்த வீடு வந்தவள், மகளுக்குச் சளி என்று, டாக்டராகியிருந்த என்னைப் பார்க்க வீட்டுக்கு வந்தாள். குழந்தையின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துப் பார்த்து மருந்து எழுதிக் கொடுத்தேன். இனியும் தாங்காது என்று இரண்டு தாள்களையும் அவள் முன்னால் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் தன் தாளைப் புரட்டினாள். ஒரு பெருக்கல் குறியைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தாள்.

“தெரியும்ட்டி. மார்க்கப் பாத்த அன்னைக்கே புரிஞ்சிட்டு. என் தாள்ல வேற எழுத்துலா.”

“பெறவு ஏன் எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல?”

“கேட்டிருந்தா நீ படிக்கப் போயிருப்பியா?”

எனக்கு அழுகை முட்டியது. அவள் அழவில்லை. மருந்தை எத்தனை வேளை கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, மகளைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். தாளை நாற்காலியிலேயே வைத்துவிட்டுப் போனாள். பஸ்ஸில் விட்டது மறதி. இது மறதி இல்லை. எடுத்து என் தாளுக்கு அடியில் வைத்துப் பெட்டியை மூடினேன்.