அச்செடுக்காத எட்டு மாதங்கள்

காலை ஒன்பது இருபது. தி.நகரில் எங்கள் அலுவலக வாசலில் கம்ப்யூட்டர்களை டெம்போவில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"இன்னா மேடம், உங்களாண்ட சொல்லலியா? கம்பெனிய மூடிட்டாங்கோ. சாமான்லாம் போய்க்கினு கீது" என்றார் வாட்ச்மேன்.

இங்கே சேர்வதற்கு முன் ஆறு வருடம் ஒரு நாளிதழில் மற்றவர்களின் விளையாட்டுச் செய்திகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். என் பெயரோடு எழுதலாம் என்பதற்காகவே அதை விட்டு, புதிதாகத் தொடங்கிய இந்தக் கிரிக்கெட் இணையதளத்தில் சேர்ந்தேன். எட்டு மாதத்தில் அறுபது கட்டுரைகள் எழுதினேன். நாளிதழ் நிருபர்கள் அச்சில் வந்த தங்கள் செய்திகளை வெட்டி நோட்டில் ஒட்டிவைப்பார்கள். நெட்டில் இருப்பது எங்கே போய்விடும் என்று நான் ஒன்றைக்கூட அச்செடுக்கவில்லை.

மறுவாரம் மயிலாப்பூரில் ஒரு பத்திரிகைக்கு நிருபர் வேலை கேட்டுப் போனேன். ஆசிரியர் என் கட்டுரைகளைக் கேட்டார். இணையதள முகவரியைக் கொடுத்தேன். அவர் மூன்று முறை முயன்றும் பக்கம் திறக்கவில்லை.

"நீங்க எழுதினதை நான் நம்பறேம்மா. முதலாளிகிட்ட எதைக் காட்டறது, சொல்லுங்க?" என்றார் வருத்தத்தோடு.

நிருபர் வேலை வேறொருவருக்குப் போனது. எனக்கு மறுபடியும் மற்றவர்களின் செய்திகளைத் திருத்தும் உதவி ஆசிரியர் வேலை கொடுத்தார்கள், சேர்ந்துவிட்டேன்.

இப்போது என் பெயரில் நாலு வரி வந்தாலும் அன்றே வெட்டி, தேதி போட்டு ஃபைலில் வைக்கிறேன். அதில் இதுவரை ஏழு பக்கங்கள் இருக்கின்றன.