தெளிப்பானின் தொட்டியில் ஊறிய நார்

டிராக்டர் எனும் உழவுந்தின் பின்னால் பூட்டும் காற்றூதித் தெளிப்பான் இயங்காது நின்றால் எதை எதைப் பார்க்க வேண்டும் என்பதற்கு விளக்க நூல்கள் உண்டு. எங்கள் பக்கத்துத் திராட்சைத் தோட்டங்களில் மட்டும் நேரக்கூடிய ஒரு பழுதை அவற்றில் நான் காணவில்லை. அதனாலேயே இதை எழுதிவைக்கிறேன்.

ராயப்பன்பட்டியை அடுத்த எங்கள் தோட்டத்துப் பந்தலில் கொடிகள் பூங்கொத்து விட்டிருந்தன. மேற்கு மலையில் மேகம் கவிந்துகொண்டிருந்தது. மழைக்கு முன் மருந்து இலையில் படிந்து உலராவிட்டால் அடிச்சாம்பல் நோய் பூவைக் கருக்கிவிடும். அந்தப் போகமே போய்விடும். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைத்த நீலக் கலவையைத் தொட்டியில் ஊற்றினோம். என் மைத்துனர் வண்டியைக் கிளப்பினார். விசிறி முழங்கியது, இலைகள் படபடத்தன, மருந்து ஒரு துளியும் வரவில்லை.

"மச்சான், உங்க காற்றூதி பேருக்கேத்தபடி காத்தைத்தான் ஊதுது" என்றார்.

விசிறி சுழன்றதால் வண்டியின் விசையில் குறையில்லை. தெளிமுனைகளைக் கழற்றி ஊதினோம், அடைப்பில்லை. வடிகட்டியும் தூய்மையாகவே இருந்தது. பம்புக்குச் செல்லும் குழாயைக் கழற்றினேன். கொட்ட வேண்டிய கலவை சொட்டியது.

"அடைப்பு தொட்டிக்குள்தான்" என்றேன்.

"சல்லடை வச்சுத்தான ஊத்துனோம்? உள்ள மீனா கெடக்கு?"

கொடி கட்ட வந்த என் மனைவி அப்போது கேட்டார்: "ஏங்க, நேத்து அந்தத் தொட்டித் தண்ணியில வாழைநார் ஊறப்போட்டேனே, எடுத்துட்டீகளா?"

உலர்ந்த நார் முடிச்சிடுகையில் அறுந்துவிடும், ஊறினால்தான் வளையும். வாளியில் சுண்ணாம்பு இருந்ததால், அடியில் நீர் கிடந்த தெளிப்பான் தொட்டியை அவர் தேர்ந்திருக்கிறார்.

"நல்லவேளைக்கா, போர்வையை ஊறப்போடல!"

"தொட்டி வாய் சிறுசாப் போச்சுடா தம்பி. இல்லேன்னா போட்டிருப்பேன்."

துறட்டியைத் தொட்டிக்குள் விட்டு நார்க்கட்டை இழுத்தோம். அது மேலே வந்த நொடியில், கழற்றிய குழாயிலிருந்து கலவை பீறிட்டு என் வெள்ளை வேட்டியை நனைத்தது.

"இனி உங்களுக்கு அடிச்சாம்பல் வராது மச்சான்!"

குழாயை மாட்டியதும் பந்தலெங்கும் மருந்து பனிபோல் படர்ந்தது. இலைகள் உலர்ந்த பின்னரே மழை இறங்கியது, பூ தப்பியது. அலசிய நீல நாரிலேயே என் மனைவி கொடிகளைக் கட்டி முடித்தார். இப்போதெல்லாம் கலவை ஊற்றுமுன் தொட்டிக்குள் எட்டிப் பார்க்கிறோம்.

உறுப்புகளுக்கு நான் இட்ட பெயர்களிலோ, சோதித்த முறையிலோ பிழையிருப்பின், பொறியறிந்தோரும் தோட்டக்காரர்களும் தயங்காமல் திருத்தியருள வேண்டுகிறேன்.