வசம்புத் தண்ணீரில் ஊறிய விதைச்சோளம்

பேத்திக்கு வசம்பு சுட்ட வாசனையில், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளில் திருச்சுழிப் பக்கம் நாங்கள் கிடந்த பட்டினி நினைவுக்கு வந்தது. முந்தின வருசம் சோளக்கதிரில் கரிப்பூட்டை நோய் விழுந்து, மணிக்குப் பதில் கருந்தூளே உதிர்ந்ததால், அடுத்த விதைப்புக்கான விதையை அம்மா வசம்புத் தண்ணீரில் ஊறவைத்து, உலர்த்தி, மழைக்காகக் காத்திருந்தாள். ஐப்பசி பாதி போயும் மழை இல்லை. தம்பி பாயிலிருந்து எழவில்லை.

“வெதைய அவிச்சுட்டா, மழை பேஞ்சா எதப் போட?” என்றார் அய்யா.

“புள்ளைக்குக் கண்ணு சொருகுது, பாக்கலையா நீங்க?” என்ற அம்மா, அந்தச் சோளத்தைத் திரும்பத் திரும்பக் கழுவிக் கஞ்சி காய்ச்சினாள். கசந்த கஞ்சியைத் தம்பி முகம் சுளிக்காமல் குடித்தான்.

நாலாம் நாள் மழை கொட்டியது. விதைக்க ஒரு மணியும் இல்லாமல் அய்யா வீட்டையொட்டிய ஈரக் கரிசலில் நின்றார். சுவரைப் பிடித்து எழுந்து நின்ற தம்பி கூப்பிட்டும் அவர் திரும்பவில்லை.